நிமிர்ந்த ஜீப்

உயரம் ஏற்றிய ஜீப்பில் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு, கனமான லாரி எஞ்சினை வைத்தார்கள். முன்பக்கம் தாழ்ந்துவிட்டது.

"எனக்குத் தரைதான் தெரியுது. கொஞ்சம் நிமிரேன்!" என்று கத்தியது ஹெட்லைட்.

"முடிஞ்ச வரைக்கும் நிமிர்ந்துதான் இருக்கேன்," என்றது முன் ஸ்பிரிங்.

மெக்கானிக் இருதயராஜ் ஸ்பிரிங்கின் தலையில் ஒரு இரும்பு வளையத்தை வைத்து முடுக்கினார். ஜீப் மட்டமானது. "இப்ப எப்படி கம்பீரமா நிக்குது பாருங்க!" என்றார் ஓனரிடம்.

மலைப்பாதையில் ஏறும்போது ஹெட்லைட் கேட்டது: "இப்ப பாரம் குறைஞ்சிருச்சுல்ல?"

"எஞ்சின் அப்படியேதானே இருக்கு?"

"ஆனா நீ எவ்வளவு நேரா நிக்கிற!"

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க," என்றது ஸ்பிரிங். "உனக்குத்தான் இப்ப தூரம் தெரியுதே, பள்ளம் வந்தா மட்டும் முன்கூட்டியே சொல்லிடு."