தொட்டிப் பனை

தொட்டி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கறை மட்டும் இருந்தது.

கார்மேகம் தோளில் தொங்கிய பையைக்கூட இறக்கவில்லை. விடியற்காலையில் ஊரிலிருந்து வளைகுடாவுக்கு வந்து இறங்கி, ரூமில் குளித்த கையோடு டாக்சி பிடித்து முவைலாவில் இருக்கும் இந்த வில்லாவுக்கு ஓடி வந்திருக்கிறான்.

கறையிலிருந்து ஐந்தடி தள்ளி, மதிலோரம், பனை மண்ணில் நின்றது. சுற்றிலும் அழகாகப் பாத்தி வேறு கட்டியிருந்தது.

“படுபாவி, மண்ணுல நட்டுட்டானே” என்றான், ஆளில்லாத வீட்டின் முன்னால் நின்றுகொண்டு.

அது இந்த ஊர்ப் பேரீச்சை இல்லை. இந்த வில்லாவில் குடியிருந்த மேடத்தின் சொந்த நாட்டுப் பனை. இடுப்பு உயரம், விசிறி விசிறியாக ஓலை, தண்டைச் சுற்றிச் சடை பிடித்த நார். தலைமேல் ஒரு சாண் பனி கொட்டினாலும் இதற்கு ஒன்றும் ஆகாது என்பார் மேடம். ஆனால் வெயிலுக்கு ஆகாது. உப்புக்கு ஆகவே ஆகாது. இந்தத் தோட்டமோ, விட்ட தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கிற மண். இதற்கு முன் நட்ட இரண்டும் அதில்தான் கருகின.

அதனால்தான் இதைத் தொட்டியில் வளர்த்தான். ஐந்து வருஷம்.

தொட்டியிலும் நிம்மதி கிடையாது. கறுப்புத் தொட்டி வெயிலில் கொதித்தால் உள்ளே வேர் வெந்துவிடும். கோடையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நிழல் பார்த்து நகர்த்த வேண்டும். அவனும், கூடத் தோட்ட வேலை பார்க்கும் விஜயபாஸ்கரும் ஆளுக்கொரு கயிற்றுப் பிடியைப் பிடித்துத் தூக்குவார்கள்.

ஜூன் மாதம் மேடம் புஜைராவுக்கு வீடு மாறினார். இந்தச் சூட்டில் மரத்தை ஏற்ற வேண்டாம், செப்டம்பரில் லாரி அனுப்புகிறேன் என்றார். மரம் உயிரோடு வந்தால் கார்மேகத்துக்கும், அவன் சொல்கிற இன்னொரு ஆளுக்கும் அங்கே வேலை, விசா எல்லாம் தருவதாக வாக்கு. இவர்களைத் தோட்ட வேலைக்கு எடுத்த கம்பெனியின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. இது கிடைக்காவிட்டால் இரண்டு பேரும் ஊருக்குத்தான்.

கார்மேகம் யோசிக்காமல் விஜயபாஸ்கர் பெயரைச் சொன்னான். பிறகு ஜூலையில் லீவில் போனான். போகும்போது மரத்தை அவனிடம் ஒப்படைத்து, படித்துப் படித்துச் சொன்னான், மண்ணில் மட்டும் வைத்துவிடாதே என்று.

இன்று பத்து மணிக்கு லாரி வருகிறது.

போன் போட்டான். விஜயபாஸ்கர் வேறெங்கோ இருந்தான். பின்னால் மிஷின் இரைந்தது.

“அண்ணே, நீங்க போன மறுவாரமே என்னைய வேற சைட்டுக்கு மாத்திட்டாங்க. டூட்டி முடிஞ்சு சாயங்காலந்தான் வர முடிஞ்சுது. பகல்ல நகத்த ஆளில்ல, அதான் மண்ணுல வச்சேன். முழுசாக் கேளுங்கண்ணே, அத...”

முழுசாகக் கேட்க என்ன இருக்கிறது? கார்மேகம் போனைக் கட் பண்ணினான். மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தது. எடுக்கவில்லை.

வேரோடிய மரத்தைத் தோண்டினால் வேர் அறும், வேர் அறுந்தால் இந்த ஜாதி பிழைக்காது. தோண்டாவிட்டால் லாரி சும்மா திரும்பும். சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டான்.

அந்தக் கோபத்தோடு கோபமாக மேடத்துக்கும் போன் போட்டான்.

“மேடம், விஜய் நோ குட். பாம் கிரவுண்ட்ல புட் பண்ணிட்டான். ஐ ட்ரை மேடம். பட் விஜய் டோன்ட் டேக்.”

மரம் செத்தால் பழி தன் தலையில் விழக்கூடாது என்ற நினைப்பும் அந்தக் கோபத்துக்குள் இருந்தது. அது அவனுக்கும் தெரியும். மேடம் ஏன் என்று கேட்கவில்லை. ஓகே என்று மட்டும் சொன்னார்.

பின்பக்கம் கிடந்த ஷவலை எடுத்து வந்தான். வந்தவரைக்கும் வேரோடு பெயர்க்கலாம் என்று மரத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் குத்தினான். ஒவ்வொரு குத்துக்கும் விஜயபாஸ்கரின் பரம்பரையில் ஒருவரைத் திட்டினான். நாலாவது குத்தில் ஷவல் எதிலோ இடித்து நின்றது.

கல் என்று நினைத்துக் கையால் மண்ணைத் தள்ளினான். கறுப்பாக ஒரு விளிம்பு தெரிந்தது.

இன்னும் தள்ளினான். விளிம்பு வளைந்து வளைந்து மரத்தைச் சுற்றி வந்தது.

தொட்டியை அப்படியே கழுத்துவரை மண்ணுக்குள் இறக்கியிருந்தான் விஜயபாஸ்கர். மரம் தொட்டிக்குள், அதன் பழைய மண்ணிலேயேதான் இருந்தது. வெயில் தொட்டியைத் தொட வழியில்லை, உப்பு வேரைத் தொட வழியில்லை. விளிம்போரம் இரண்டு பாலிதீன் பொட்டலங்கள் கிடந்தன. பிரித்தால் கயிற்றுப் பிடிகள், மக்கிப் போகாமல் சுற்றிக் கட்டியவை. மரத்தின் நடுவில் புதுக் குருத்து ஒன்று பச்சையாக நீண்டிருந்தது.

போனில் மேடத்தின் மெசேஜ் வந்து கிடந்தது. விஜய்க்குப் பதில் தன் டிரைவரின் தம்பியை எடுத்தாகிவிட்டது, விசாவுக்கு அவனுடைய பாஸ்போர்ட் காப்பியை அனுப்பியாகிவிட்டது. கலாஸ், அதாவது பேச்சு முடிந்தது, என்று முடித்திருந்தார்.

அதுவரை விஜயபாஸ்கருக்கு விட்ட வசவுகள் அத்தனையையும் கார்மேகம் தனக்கே ஒரு தரம் விட்டுக்கொண்டான். போதவில்லை. ஒரு பிடியைப் பிடித்து வெறியோடு இழுத்தான். தொட்டி அசையவில்லை.

மெசேஜுக்குக் கீழே விஜயபாஸ்கரின் குரல் பதிவு ஒன்று இருந்தது. அமுக்கினான்.

“அண்ணே, போனை எடுக்க மாட்டேங்கிறீங்க. தொட்டிய ஒத்தையாத் தூக்கிறாதீங்க, ஒங்களுக்கு இடுப்பு புடிச்சுக்கும். பர்மிஷன் சொல்லிட்டு நான் வந்துக்கிட்டே இருக்கேன்.”

வெளியே டாக்சி ஒன்று நின்றது. கேட் திறக்கிற சத்தம் கேட்டது.