மாப்பிள்ளை எறும்பு

"மாப்பிள்ளை பார்த்துட்டேன்" என்றார் தலைவர், லேப்டாப்போடு சமையலறைக்குள் நுழைந்தபடியே.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "யாருக்கு?"

"யாருக்கா? இந்த வீட்டுல கல்யாணம் ஆகாம இருக்கிறது நானா?"

தலைவர் எந்தக் கட்சிக்கும் தலைவர் இல்லை. நூலகத்தில் எந்தப் புத்தகத்தை யார் கொண்டுபோனார், ஏன் இன்னும் திருப்பித் தரவில்லை என்று பார்த்துக்கொள்ளும் மென்பொருள் ஒன்றை எழுதி, 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம்' என்று உலகத்துக்குத் தானம் செய்தவர். திருத்தலாம் என்று சொன்னாரே தவிர, யாராவது திருத்திவிட்டால் அவருக்குப் பொறுக்காது. 'இந்த வரியை எழுதும்போது தாங்கள் விழித்திருந்தீர்களா?' என்று ஊர் பார்க்கப் பதில் போடுவார். தரக்கட்டுப்பாடு என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார். திருவிழாக் கூட்டம் மாதிரி ஆட்கள் மொய்த்த இடம் இப்போது காற்று வாங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் 'ஈடுபாடற்ற தலைமுறை' என்று ஒரு கட்டுரை எழுதிப்போட்டார். படிக்கத்தான் ஆள் இல்லை.

மிஞ்சியது ஒரே ஒரு ஆள்.

"பையன் பேரு என்ன?" என்றாள் மனைவி.

"எறும்பு."

"வீட்டுல கூப்பிடுற பேரா?"

"எங்க வட்டாரத்துல எல்லாரும் புனைபெயர்லதான் இருப்போம். போட்டோவுக்குப் பதிலா ஒரு எறும்புப் படம் வச்சிருக்கான். ஆளு அவ்வளவு அடக்கம்."

"முகத்தையே பார்க்கலையா?"

"வேலையைப் பார்த்திருக்கேன். முகத்தை வச்சு என்ன பண்றது? உங்கப்பா என் முகத்தைப் பார்த்துத்தானே குடுத்தாரு?"

மனைவி அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். "குணம்?"

"தங்கம். போன வாரம் அவனைக் கன்னாபின்னான்னு திட்டிட்டேன். அப்புறம் பார்த்தா தப்பு என்னோடது. அவன் என்ன எழுதினான் தெரியுமா? 'சுட்டிக்காட்டியதற்கு நன்றி. திருத்திவிட்டேன்.' உன் தம்பி வாயில வருமா இந்த வார்த்தை?"

"என் தம்பி இருக்கட்டும். உங்க வாயில வருமா?"

தலைவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"குடிப்பானா?"

"எந்நேரமும் வேலைதான். குடிக்கிறவன் கை இவ்வளவு நிதானமா இருக்காது."

"கூடப் பிறந்தவங்க?"

"யாரைப் பத்தியும் ஒரு வார்த்தை பேசினதில்லை. ஒண்டிக்கட்டைன்னு நினைக்கிறேன்."

மாமியார் இல்லை, நாத்தனார் இல்லை. மனைவியின் முகத்தில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது.

"எனக்கும் வயசாகுது" என்றார் தலைவர். "எனக்கப்புறம் இந்த மென்பொருளை யார் கையில ஒப்படைக்கிறதுன்னு கவலையா இருக்கு. அதையும் பொண்ணையும் ஒரே கையில பிடிச்சுக் குடுத்துட்டா நிம்மதி."

"பொண்ணு ரெண்டாவதா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"அவகிட்டக் கேட்டீங்களா?"

"முதல்ல பையன் சம்மதம் வேணாமா? காலையில எழுதிக் கேட்டுட்டேன்."

"எங்க எழுதினீங்க?"

"வேற எங்க? மென்பொருள் பக்கத்துலதான். 'கோரிக்கைகள்'னு ஒரு பகுதி இருக்கு."

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். "நாலு பேர் பார்க்கிற இடத்துலயா பொண்ணைக் கட்டிக்கிறியான்னு கேட்டீங்க?"

"வெளிப்படைத்தன்மை எங்க கொள்கை."

இனிக் கொள்கையோடு சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். "சரி, என்ன சொன்னான்?"

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்து வாசித்தார். "'தங்கள் கோரிக்கை எங்களுக்கு மிகவும் முக்கியமானது. புதிய வசதிகள் என்ற பிரிவில் சேர்த்திருக்கிறேன். தங்கள் பொறுமைக்கு நன்றி.' பார்த்தியா, பொண்ணு குடுக்குறாங்கன்னதும் குதிக்கலை. யோசிக்கிறான்."

"எங்களுக்குன்னு எழுதியிருக்கானே. வீட்டுல பெரியவங்க இருக்காங்க போல" என்றாள் மனைவி கவலையாக.

தண்ணீர் பாட்டிலை நிரப்ப வந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பக்கத்து அறையில் உட்கார்ந்து ஏதோ கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிறவள்.

"அப்பா, அந்தக் கோரிக்கையை உடனே எடுங்க."

"ஏம்மா? எறும்பை உனக்குத் தெரியுமா?"

மகள் பாட்டிலை மேசைமேல் வைத்தாள். "தெரியும்."

"எத்தனை நாளா?" என்றாள் அம்மா. குரல் இறங்கியிருந்தது.

"ரெண்டு வருஷமா. உங்ககிட்ட அனுப்பி வச்சதே நான்தான்."

தலைவருக்கு உள்ளூரக் குளிர்ந்தது. தன் தேர்வும் மகளின் தேர்வும் ஒன்றாக அமைய எத்தனை அப்பாக்களுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது? "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? நான் என்ன குறுக்கேயா நிக்கப்போறேன்?"

"உங்க வாய்க்குப் பயந்து எல்லாரும் ஓடின பிறகு, யாராவது வர மாட்டாங்களான்னு அந்தத் திரையையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்கப்பா. எனக்குப் பார்க்கச் சகிக்கலை. உங்க திட்டைத் தாங்குற ஆளா ஒருத்தரைத் தேடினேன். கெஞ்சிக்கூடப் பார்த்தேன். மனுஷங்க யாரும் ஒத்துக்கலை."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, திருத்துற வேலையை நானே ஒளிஞ்சு செஞ்சேன். திட்டு வாங்கிக்கிட்டு நன்றி சொல்றதுக்கு மட்டும், தானா பதில் போடுற மாதிரி ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். அதுதான் எறும்பு."

தலைவர் திரையைப் பார்த்தார். எறும்பு பணிவாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்ப மாப்பிள்ளை?" என்றாள் அம்மா, பாதி வெங்காயத்தோடு.

"மாப்பிள்ளை இல்லம்மா" என்றாள் மகள், பாட்டிலில் தண்ணீர் பிடித்தபடி. "முறைப்படி பார்த்தா அது உங்களுக்குப் பேரன்."