பழைய பதில்

ஆஸ்பத்திரிக் கூடத்தில், உள்ளே யாருக்கு என்ன நடக்கிறது என்று காட்டும் திரை பத்து மணி நிலவரத்தோடு மாறாமல் நின்றுவிட்டது. அதை எழுதிக் கொடுத்தவன் நான்தான், ஓடி வந்தேன். என் பிரவுசரில் அது ஒருமுறைகூட நின்றதில்லை. இங்கே இருப்பதோ ஆதிகாலத்துப் பிரவுசர். 'இப்போது என்ன நிலவரம்' என்று ஒருமுறை கேட்ட கேள்வியையே மறுபடி அனுப்பினால், தகவல் இருக்கும் சர்வரிடம் அது போகவே போகாது. முன்பு வந்த பதிலையே எடுத்து நீட்டும். இதையெல்லாம் இன்னும் யார் வைத்திருக்கப் போகிறார்கள் என்று சோதிக்காமல் விட்டேன். ஒவ்வொரு கேள்வியின் வாலிலும் அந்த நொடியின் நேரத்தை ஒட்டிவிட்டால், புதுக் கேள்வி என்று நம்பிக் கிளம்பிப் போகும். ஒரே வரி. அதை எழுதி ஏற்றிவிட்டு, சர்வர் என்ன சொல்கிறது என்று என் போனில் பார்த்தேன். 'அமலோற்பவம்: உறவினர் உடனே உள்ளே வரவும். 11.10.' இப்போது மணி பன்னிரண்டு. திரை வைத்த பிறகு இங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

"சரியாயிடுச்சா தம்பி?" என்றார் பக்கத்தில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தவர். "எங்க வீட்டம்மா அமலோற்பவம். ஆபரேஷன் நடக்குதுன்னே போட்டிருக்கு. அப்படிப் போட்டிருக்கிற வரைக்கும் பயமில்லல்ல? அதான் எந்திரிக்காம பாத்துக்கிட்டே இருக்கேன்."

கூடத்துக் கணினியில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், திரை புது நிலவரத்துக்கு மாறிவிடும். என் விரல் பொத்தான்மேல் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.