சத்தத்துக்காகக் காத்திருந்த வால்வு

"தம்... தம்..." என்ற அந்தச் சத்தத்தைத் தோல் வால்வு மறக்கவே இல்லை. ஒரு காலத்தில் அது ஒரு பசுவின் இதயத்தைப் போர்த்தியிருந்த மெல்லிய சவ்வு. அதை வெட்டி, மூன்று இதழாகத் தைத்து, செயற்கை இதய வால்வாக்கி, ஆய்வுக்கூடத்துப் பம்பில் பொருத்தியிருந்தார்கள்.

பம்பு உப்புநீரைத் தள்ளியது. தோல் வால்வு திறந்தது. ஆனால் மூட மறந்து, காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. போன நீரெல்லாம் திரும்பி ஒழுகியது.

"இன்னொரு தடவை ஒழுகினா தூக்கிப் போட்டுடலாம்," என்றார் பொறியாளர் தமயந்தி.

பக்கத்துக் குழாயிலிருந்த உலோக வால்வு கிளிக் கிளிக்கென்று சிரித்தது. "ஏ மாட்டுத்தோலே, வாயைப் பொளந்துக்கிட்டு என்ன வேடிக்கை?"

"பழைய சத்தம் கேக்குதான்னு பாக்குறேன் அண்ணே. இந்தப் பம்புக்கு அப்படி அடிக்கவே தெரியல."

"அட அசடே! அது அடிக்கிற சத்தமா? உள்ளே கதவு சாத்துற சத்தம். இப்போ நீதானே கதவு!"

தோல் வால்வு திகைத்துப்போனது. அத்தனை நாள் இதயத்துக்கு வெளியே போர்த்திக் கிடந்த அதற்கு, உள்ளே கதவு இருந்ததே தெரிந்திருக்கவில்லை. அடுத்த முறை நீர் வந்ததும் திறந்தது. போன நீர் திரும்பி வரப் பார்த்ததும் மூன்று இதழ்களையும் சேர்த்து மூடியது.

"தம்."

அதன்பின் அது ஒழுகவில்லை. சோதனை முடிந்ததும் அதை ஒரு செம்மறியாட்டின் இதயத்தில் வைத்துத் தைத்தார்கள்.

அந்த ஆடு மறுவருஷம் இரண்டு குட்டி போட்டது.