தொட்டில் கேட்டவள்

"அந்தப் பொம்பளையோட புருஷன் பாவம்," என்றார் தச்சர், தொட்டிலின் சட்டத்தை இழைத்துக்கொண்டே. "இன்னிக்கு என்ன சொல்லி அனுப்பியிருக்கா?"

"முனையெல்லாம் இன்னும் கொஞ்சம் உருட்டணுமாம். குழந்தை கன்னம் பட்டாலும் உறுத்தக் கூடாதாம்," என்றாள் அவர் மனைவி. பிரசவ வார்டில் நர்ஸ். அங்கே யாரோ கேட்டார்கள் என்று இந்த ஆர்டரைப் பிடித்து வந்தவளே அவள்தான். டியூட்டி முடிந்து பட்டறைக்கு வரும்போதெல்லாம் ஒரு புது உத்தரவு கொண்டுவருவாள்.

"தேக்குதான் வேணும்னா. நீளம் ஒரு விரல்கூட அதிகமாகக் கூடாதுன்னா. இப்ப இது. இவளைக் கட்டிக்கிட்டு எவன் மாரடிக்கிறானோ."

"ஆசையா கேக்கறாங்க. செஞ்சு கொடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

"எனக்கென்ன, செய்யறேன்," என்று குனிந்துகொண்டார். அவள் முகம் வாடியதை அவர் பார்க்கவில்லை.

தச்சர் ஒன்றும் சிடுமூஞ்சி இல்லை. அந்தத் தொட்டிலைத் தொட்டாலே அவருக்கு நெஞ்சை அடைத்தது. அதை மறைக்க, முகம் தெரியாத ஒருத்தியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். அவர் சாமியார் ஆவதற்காகக் குருமடத்தில் படித்தவர். அப்பா படுத்த படுக்கையானதும் பட்டறையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். மனைவிக்குக் கன்னியாஸ்திரி ஆக ஆசை, வீட்டில் விடவில்லை. கல்யாணப் பேச்சு வந்தபோது அவள்தான் கேட்டாள், மரியாவும் சூசையப்பரும் மாதிரி கட்டிக்கிட்டும் விரதமா நாம வாழலாமா என்று. இவருக்கும் அது பிடித்திருந்தது.

பங்குச் சாமியார்தான் யோசித்தார். "ரெண்டு பேரும் மனசார ஒத்துக்கிட்டா திருச்சபை தடுக்காது. ஆனா ஆயுசுக்கும்னு இப்பவே வாக்குக் கொடுக்காதீங்க. வருஷா வருஷம் பார்த்துக்கலாம்."

அதிலிருந்து ஒவ்வொரு கல்யாண நாளும் பூசை முடிந்ததும் இருவரும் பீடத்துக்கு முன்னால் நின்று, இன்னும் ஒரு வருஷம் அண்ணன் தங்கச்சியாக இருக்கிறோம் என்று வாக்குக் கொடுப்பார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். வம்பும் சிரிப்பும் ஓயாத வீடு.

இந்த வருஷம்தான் தச்சருக்கு மனசு கேட்கவில்லை. அவள் தலை துவட்டும்போது இவர் ஆணியை விட்டுவிட்டு விரலில் அடித்துக்கொண்டார். குழந்தைச் சத்தம் கேட்டால் தெருவுக்கே ஓடினார். கல்யாண நாளோ இந்தச் சனிக்கிழமை.

வெள்ளிக்கிழமை காலை, ஆடாத பெஞ்சை ஆடுகிறது என்று சொல்லிக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

"நாளைக்கு அந்த வார்த்தை என் வாயில வராது ஃபாதர்," என்றார். "ஆனா அவ அதுல எவ்வளவு நிம்மதியா இருக்கா தெரியுமா? என் ஆசையைச் சொன்னா உடைஞ்சு போயிடுவா. பேசாம பல்லைக் கடிச்சுக்கிட்டு இன்னொரு வருஷம் ஓட்டிடவா?"

"பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கறதுக்குப் பேர் விரதம் இல்ல தம்பி, பட்டினி," என்றார் சாமியார். "ரெண்டு பேர் மனசும் சேர்ந்தாதான் அது காணிக்கை. ஒருத்தர் மறைச்சா மத்தவரை ஏமாத்தற மாதிரி. பிள்ளை பெத்து வளர்க்கறதும் கடவுள் காட்டின வழிதானே?"

"அவ வேண்டாம்னு சொல்லிட்டா?"

"அதையும் அவ வாயால கேட்டுக்கோ. நான் தூது போக மாட்டேன். சரி, கையில என்ன வேலை ஓடுது?"

"ஒரு தொட்டில் ஃபாதர். யாரோ ஒரு நச்சரிப்புக்காரிக்கு. உயிரை வாங்கறா."

சாமியாருக்குத் திடீரென்று இருமல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் குடிக்கிறேன் என்று உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை.

அன்று சாயங்காலம் தொட்டில் தயார். "அவங்க நம்ம வீட்டுக்கே வந்து வாங்கிக்கறாங்களாம்," என்று மனைவி சொல்லியிருந்தாள். தச்சர் அதை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து நடு அறையில் இறக்கினார்.

அவள் குனிந்து முனைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். உறுத்தவில்லை. அவள் தடவுவதைப் பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதே," என்றார். "நாளைக்கு என்னால அந்த வாக்கைக் கொடுக்க முடியாது. எனக்கு உன்கூட முழுசா வாழணும். நமக்கு ஒரு பிள்ளை வேணும். நீ வேண்டாம்னா சரி, மறுபடி கேக்க மாட்டேன். ஆனா மறைச்சு வெச்சுக்க முடியல."

அவள் நிமிரவே இல்லை.

"முதல்ல இதை வழியிலருந்து நகர்த்துங்க," என்றாள். "அந்த ஜன்னலோரம் தள்ளுங்க."

போச்சு, எல்லாம் போச்சு என்று தச்சருக்குத் தோன்றியது. ஜன்னலுக்குக் கீழே, சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் இருந்த சின்ன இடத்தில் தொட்டிலைத் தள்ளினார்.

அது உள்ளே போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு விரல்கூட மிச்சமில்லை.

தச்சர் அந்த இடத்தைப் பார்த்தார். தொட்டிலைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பினார்.

அவளுக்குக் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

"செய்யும்போது உங்க முகம் மலர்ந்தா கேட்டுடலாம்னு இருந்தேன். நீங்க என்னடான்னா திட்டிக்கிட்டே இருந்தீங்க," என்றாள். "சொல்லுங்க, அந்தப் பொம்பளையோட புருஷன் இப்பவும் பாவம்தானா?"