கடைசிக் கோட்டை

“இன்னிக்கு அவனைக் கொல்லாம நான் தூங்க மாட்டேன்” என்றாள் மனைவி, தலையணையில் சாய்ந்தபடி.

மாத்திரையும் தண்ணீருமாக வந்த கணவன் அறை வாசலிலேயே நின்றுவிட்டான். “இன்னிக்கேதான் கொல்லணுமா? நாளைக்கு, நாளன்னிக்குன்னு மெதுவா கொல்லக் கூடாதா?”

“சின்ன வயசுலேர்ந்து காத்திருக்கேன். மாத்திரையை வெச்சிட்டு நகருங்க, மறைக்குது.”

அவள் கொல்லத் துடித்தது டிவிக்குள் இருந்த ஒரு கொம்பு வைத்த அரக்கனை. கேசட்டைச் செருகி விளையாடும் பழைய வீடியோ கேம். பள்ளிக்கூட நாட்களில் கடைசிக் கோட்டை வாசல் வரை உயிரைக் கொடுத்துப் போய்ச் சேருவாளாம். அங்கே அண்ணன்காரன் வந்து, “உனக்கு இதெல்லாம் வராது, குடு” என்று ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கி, உள்ளே நுழைந்த வேகத்திலேயே தோற்றுவிட்டு எழுந்து போவானாம். முடிவை அவனும் பார்க்கவில்லை, இவளையும் பார்க்க விடவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, “டாக்டர் என்ன சொன்னார்?” என்று கேட்டாள். “வெறும் பலவீனம்தான். நல்லா படுத்து எழுந்தா ஓடியாடலாமாம்” என்றான். சும்மா படுத்துக் கிடந்தால் பைத்தியம்தான் பிடிக்கும், அந்தக் கேசட் எங்காவது கிடைக்குமா என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட பொருள் அது ஒன்றுதான்.

பழைய கேம் விற்கும் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். “ஒரிஜினல் கையில இல்ல சார். சொல்லி வெச்சா அடுத்த வருஷத்துக்குள்ள வந்துடும். இது டூப்ளிகேட். புது சிப்பு, புது ஸ்டிக்கர். சும்மா ஆடிப் பார்க்கணும்னா தாராளமா வாங்கலாம். அலமாரியில வெச்சு அழகு பார்க்கணும்னா ஒரிஜினலுக்குக் காத்திருங்க.”

“அவ்வளவு நாள் முடியாதுங்க. இதையே குடுங்க.”

“எல்லாருக்கும் அவசரம்தான்” என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். வீட்டில் அவள் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “ஒரிஜினல்தானே?” என்று கேட்டபோது, “பின்னே?” என்றான் இவன்.

அன்றிலிருந்து அவள் முகத்தில் தனிக் களை. சாப்பிட மறுத்தவள் அரக்கர்களைத் திட்டிக்கொண்டே இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள். வீடு மறுபடி வீடு மாதிரி இருந்தது.

நேற்று, ஜாய்ஸ்டிக்கில் ஒரு பட்டன் அமுங்கவில்லை என்று கடைக்குப் போனவன், மனைவி கடைசிக் கோட்டைக்குப் போய்விட்டாள் என்று பெருமையடித்தான். கடைக்காரர் முகம் தொங்கிப் போனது.

“அடடா, அவ்வளவு தூரம் போயிட்டாங்களா? அந்தக் கேமைப் பண்ணவன் ஒரு பொறி வெச்சிருக்கான் சார். கேசட் ஒரிஜினல் இல்லேன்னா கடைசிச் சண்டையில அப்படியே நின்னுடும். சேவ் பண்ணினதெல்லாம் அழிஞ்சிடும். காப்பி போடுறவன் எவன் கடைசி வரைக்கும் ஆடிப் பார்க்கிறான்? எனக்கே இப்பதான் ஒருத்தர் வந்து திட்டினப்புறம் தெரியும்.”

“சரி பண்ண முடியாதா?”

“பிரிச்சு சரி பண்ணலாம். ஆனா பிரிச்சாலும் சேவ் பண்ணினது போயிடும். மொதல்லேர்ந்து ஆடணும்.”

முதலிலிருந்தா? எப்படிப் பார்த்தாலும் அவள் இத்தனை நாள் பட்ட பாடு வீண். புது ஜாய்ஸ்டிக் வாங்கக்கூட மறந்து வீட்டுக்கு வந்தான்.

இப்போது அரக்கன் எதிரே நிற்கிறான். கண் கெட்டுவிடும் என்று இவன் சொல்லிப் பார்த்தான், அவள் காதில் விழவில்லை. வேண்டாத நேரத்தில் எல்லாம் போய்த் தொலையும் கரண்ட் இன்று அசையவில்லை. நாமே அணைத்துவிடலாம் என்று சுவிட்சுப் பக்கம் நகர்ந்தவன், திரும்பிப் பார்த்தான்.

அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். யாரும் பிடிக்காமல், தானாக, நிமிர்ந்து. அதற்குமேல் அவனுக்குக் கை எழவில்லை.

“ஏங்க, வாங்க, பக்கத்துல உக்காருங்க! இன்னும் ஒரே ஒரு அடிதான்!”

உட்கார்ந்தான். அவள் வாள் மேலே போனது. போனது போனபடி அந்தரத்தில் நின்றது. டிவி ஒருமுறை கறுத்து, ஆட்டத்தின் முதல் பக்கம் வந்தது. சேவ் பண்ணியிருந்த இடமெல்லாம் காலி.

“நான் என்ன பண்ணினேன்? எதையோ தப்பா அமுக்கிட்டேனா?” அவள் பட்டன்களை மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்தாள். “அண்ணன் சொன்னது சரிதான். எனக்கு வராது.”

அவனால் தாங்க முடியவில்லை. “உன் மேல தப்பே இல்லம்மா. கேசட் டூப்ளிகேட். நான்தான் ஒரிஜினல்னு பொய் சொன்னேன். கடைசியில இப்படி நின்னுடும்னு நேத்தே தெரியும்.”

“தெரிஞ்சுமா சொல்லலை?”

“எப்படிச் சொல்றது? சொன்னா மட்டும் மாத்த முடியுமா? நீ சந்தோஷமா இருந்தே. கடைசி வரைக்கும் அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

அவள் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தாள். டிவியை விட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அப்ப, டாக்டர் நிஜமா என்னங்க சொன்னார்?”