வெள்ளிக்கிழமை வாரேன்

வள்ளிமயில் சிரித்தது தெருமுனை வரைக்கும் கேட்டது. பைக்கை ஸ்டாண்டு போடாமல் சுவரோடு சாய்த்துவிட்டு உள்ளே ஓடினார் பூவனலிங்கம்.

நினைத்தது சரிதான். அவன்தான் வந்திருந்தான், மாரிசெல்வம். நீலச் சட்டை, பக்கத்தில் போனாலே மணக்கிற சென்ட். குத்தவைத்து உட்கார்ந்து ஒரு பிளக் பாயிண்டை மீட்டர் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தான். அவன் தோளுக்கு மேலே குனிந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள் வள்ளிமயில்.

புருசனும் பெண்டாட்டியுமாகக் கோவில்பட்டியில் நடத்துகிற நைட்டி யூனிட் அது. ஒரே கூடத்தில் பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு மெஷின், மூன்று அயர்ன் பாக்ஸ். தையலை அவள் பார்த்துக்கொள்வாள். துணி எடுப்பதும் செலவு செய்வதும் அவர் பொறுப்பு.

தீயணைப்பு சர்டிபிகேட்டைப் புதுப்பிக்க வேண்டுமானால், கரண்டு சாமான்களையெல்லாம் சோதித்து ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் ஒரு கம்பெனியிலிருந்து மாரிசெல்வம் வந்தான். வந்தவன் வேலையை முடித்துக்கொண்டு போகாமல் மறுபடியும் வந்து நிற்கிறான். அதுதான் பூவனலிங்கத்துக்கு வயிற்றெரிச்சல்.

போன வெள்ளிக்கிழமை, அயர்ன் பாக்ஸ் பிளக்கில் எர்த் இல்லை என்றான். அதற்கு முந்தின வாரம்தான் அதைத் தொட்ட தையல்காரப் பெண் பூங்கொடியைக் கரண்டு தூக்கி எறிந்திருந்தது. "ஈரக் கையோட தொட்டிருப்பா" என்று அன்றைக்குச் சொன்ன பூவனலிங்கம், இவன் சொல்லிவிட்டுப் போன மறுநாளே எர்த் போட்டுவிட்டார். இவன் இன்னொரு தடவை வரக்கூடாது, அவ்வளவுதான்.

"எர்த்து சரியாயிட்டுல்லா? கையெழுத்தப் போட்டுட்டுக் கெளம்பு தம்பி."

மாரிசெல்வம் எழுந்தான். பதில் சொல்லும் முன்னால் வள்ளிமயிலை ஒரு பார்வை பார்த்தான். அவள் லேசாகத் தலையை அசைத்தாள். இரண்டும் பூவனலிங்கம் கண்ணில் பட்டது.

"வயர் பூரா பழசு அண்ணாச்சி, அங்கங்க உரிஞ்சு கெடக்கு. மாத்தி வைங்க. வெள்ளிக்கிழமை வாரேன்."

"இத போன வாரமே சொல்லுததுக்கு என்ன?"

மாரிசெல்வம் தலையைச் சொறிந்தான். "சாப்புட்டுட்டுப் போ தம்பி" என்று குறுக்கே வந்தாள் வள்ளிமயில். கல்யாணமான இந்தப் பதினாறு வருசத்தில் அவள் குரல் இப்படிக் குழைந்து அவர் கேட்டதில்லை.

"இருக்கட்டும்க்கா."

ஊர் கேட்க ஒரு அக்கா! பூவனலிங்கம் பல்லைக் கடித்தார்.

அவன் போனபின் கட்டிங் மேசைக்காரி வெயிலுகந்தம்மாளைத் தனியே கூப்பிட்டார். "நான் இல்லாத நேரம் இவன் வருதானா?"

"எனக்கு எதுக்குய்யா பொல்லாப்பு?" என்றாள் அவள். "ஆனா நல்ல தம்பி. என்னமா சிரிச்ச மொகம்!"

அன்று சாயங்காலமே தலைக்குச் சாயம் பூசிக்கொண்டார். மறுநாள் மூன்று எலக்ட்ரீஷியன்களைக் கூட்டிவந்து நிறுத்தினார். கூலி பேசவில்லை, வயர் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து விலை கேட்கவுமில்லை. நாலே நாளில் கூடம் முழுக்கப் புது வயர் ஓடியது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை. மாரிசெல்வம் சுற்றிவந்தான், வள்ளிமயிலைப் பார்த்தான், அவள் தலையசைத்தாள். பூவனலிங்கத்துக்குக் காதோரம் சுட்டது.

"பின்வாசல மறிச்சுத் துணி மூடைய அடுக்கி வச்சிருக்கீங்க அண்ணாச்சி. தீப்புடிச்சா இத்தன பேரும் ஒரே வாசல்லயா ஓடுவாங்க? தீயணைக்கிற சிலிண்டரும் காலாவதியாயிட்டு. சரி பண்ணுங்க, வெள்ளிக்கிழமை வாரேன்."

ஆள் வரக்கூடக் காத்திருக்கவில்லை பூவனலிங்கம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூடைகளைத் தானே தோளில் சுமந்து மாடியில் போட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டது. அதோடு போய் நாலு புதுச் சிலிண்டர் வாங்கிவந்தார். அதை எப்படிப் பிடித்து அடிப்பதென்று கடைக்காரனையே வரவழைத்துப் பன்னிரண்டு பேருக்கும் செய்து காட்டச் சொன்னார். இந்தத் தடவை அவனுக்குச் சொல்ல ஒரு சொட்டுக் குறை மிஞ்சக்கூடாது.

நாலாவது வெள்ளிக்கிழமை இரண்டு மணி நேரம் ஒவ்வொரு மெஷினாகச் சோதித்தான் மாரிசெல்வம். ஒன்றிலும் குறையில்லை. கையெழுத்துப் போட்டு நீட்டினான்.

"ஒரு வருசத்துக்குக் கவலையில்ல அண்ணாச்சி."

"அப்ப ஒரு வருசத்துக்கு இங்கன வரமாட்டேல்லா?"

"இனி எனக்கு இங்க என்ன சோலி?" சிரித்துக்கொண்டே போனான். பைக் சத்தம் தேய்ந்து அடங்கும் வரை வாசலிலேயே நின்றார் பூவனலிங்கம். பெண்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். நாலு வாரமாக அடக்கி வைத்திருந்ததை இனியும் அடக்க முடியவில்லை.

"போயிட்டான். ஒனக்குத்தான் கஷ்டமா இருக்கும்."

"எனக்கென்ன கஷ்டம்?"

"எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? அவன் ஒன்னப் பாக்கதும் நீ தலையாட்டுததும்! ஒரே நாள்ல சொல்லி முடிக்க வேண்டியத வாரத்துக்கு ஒண்ணா இழுத்தடிச்சான். ஒன்னப் பாக்காம வேற எதுக்கு வந்தான்? சொல்லு!"

வள்ளிமயிலுக்குக் கோபம் வரவில்லை. வெட்டித் தள்ளிய நூல்களைக் கையால் கூட்டி அள்ளினாள். புருசனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு வருசமா வயர மாத்துங்கன்னு கெஞ்சுனேன், காதுல வாங்கல, ஒரு ஆம்பளய நாலு வாட்டி வரச்சொன்னேன், ஒரே மாசத்துல மாத்திட்டீங்க!"